புது க்ரைம் எழுத்தாளரை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கரிச்சான்:
மாதம் ஒருவர், வருஷத்துக்குப் பன்னிரண்டு புது எழுத்தாளர்கள் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரே விதி போதும்: தொடரின் முதல் புத்தகம். "அதுதான் பெஸ்ட்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடுவில் கை வைத்தால் நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போவைப் படித்தவர்களின் கதிதான். ஹாரி ஹோல் என்ற ஆஸ்லோ போலீஸ்காரரை வைத்து அவர் எழுதும் தொடரில் ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது 'தி டெவில்ஸ் ஸ்டார்', 2005-இல். அது தொடரில் ஐந்தாவது. மூன்றாவதான 'தி ரெட்பிரெஸ்ட்' 2006-இல் வந்தது, நான்காவதான 'நெமெசிஸ்' 2008-இல். மூன்றையும் ஒரே முடிச்சு கட்டியிருக்கிறது. மூன்றாவதில் ஹாரியோடு வேலை பார்ப்பவர் ஒருவர் கொல்லப்படுகிறார் (பெயர் சொல்ல மாட்டேன்), அந்தக் கணக்கு ஐந்தாவதில்தான் தீர்கிறது. ஐந்தை முதலில் படித்தவருக்கு மூன்றில் யார் சாகப்போகிறார் என்பதும் தெரியும், யார் காரணம் என்பதும் தெரியும். மிச்சம் என்ன இருக்கிறது?

ரெண்டாம்பதிப்பு:
அதே நெஸ்போவ வச்சே பதில் சொல்றேன். முதல் புத்தகம் 'தி பேட்', கதை சிட்னியில. ரெண்டாவது பாங்காக்ல. ஹாரியோட ஊரான ஆஸ்லோ பேருக்குத்தான். மாசம் ஒருத்தர்னு ஓடுறவன் அதோட நெஸ்போவ மூட்டை கட்டிடுவான். சிமெனோன் எழுதின பாரிஸ் போலீஸ் துப்பறிவாளர் மேக்ரே வரிசை 75 நாவல். பெங்குயின் 2013-ல ஆரம்பிச்சு புது மொழிபெயர்ப்பா போட்டு முடிக்க 2020 ஆச்சு. அதையும் முதல்ல இருந்து வரிசையா படிக்கணுமா? ஒவ்வொண்ணும் சின்னப் புத்தகம், தனித்தனி வழக்கு. எதை எடுத்தாலும் ஓடும்.

கரிச்சான்:
மேக்ரே சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் ஸ்வீடனின் ஷோவால்-வாலூ ஜோடி எழுதிய, போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக் வரிசை அப்படி இல்லை. 1965 முதல் 1975 வரை பத்து நாவல், பத்துக்கும் சேர்த்து 'ஒரு குற்றத்தின் கதை' என்று ஒரே துணைத்தலைப்பு. எல்லோரும் கையில் எடுப்பது நான்காவதான 'தி லாஃபிங் போலீஸ்மேன்', க்ரைம் எழுத்துக்கான அமெரிக்க எட்கர் விருது வாங்கியது. ஆரம்பத்திலேயே ஸ்டாக்ஹோம் பஸ்ஸுக்குள் சுடப்பட்டுக் கிடப்பவர்களில் ஒருவன் ஸ்டென்ஸ்ட்ரோம், பெக் குழுவின் இளம் போலீஸ்காரன். முந்தைய புத்தகங்களில் அவனோடு பழகியவருக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடும். மற்றவருக்கு அவன் இன்னொரு பிணம், அவ்வளவுதான்.

ரெண்டாம்பதிப்பு:
அவனைத் தெரியாதவனுக்கும் ஒரே கேள்விதானே: டூட்டி இல்லாத நேரத்துல அந்த பஸ்ல என்ன பண்ணான்? அந்தக் கேள்விதான் நாவலையே இழுத்துட்டுப் போகுது.

தாள்புழு:
சண்டைக்கு நடுவே ஒரு நடைமுறை விஷயம். மொழிபெயர்ப்பு வாங்கும்போது பின்னட்டையைப் படிக்காதீர்கள்; தொடரின் பிந்தைய புத்தகங்களில் முந்தையதன் முடிவை அங்கேயே போட்டு உடைத்திருப்பார்கள். பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து மூலத் தலைப்பையும் மூல ஆண்டையும் பாருங்கள். 'தி டெவில்ஸ் ஸ்டார்' மூலத்தில் 'மாரேகோர்ஸ்', 2003. 'ரெட்பிரெஸ்ட்' 2000. மூல ஆண்டுகளை ஒரு சீட்டில் வரிசையாக எழுதினாலே குழப்பம் தீரும். ஒரே நாவலை இரண்டு முறை வாங்கும் கூத்தும் நிற்கும்: கிறிஸ்டியின் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கொலை அமெரிக்காவில் 1934-இல் 'மர்டர் இன் தி கலே கோச்' என்ற பெயரில் வந்தது.

முதல் புத்தகம் கையில் இல்லாத ஊரிலும் இந்தச் சண்டை நடக்கிறது. ஜப்பானிய எழுத்தாளர் ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்', கலிலியோ என்ற பட்டப்பெயர் கொண்ட இயற்பியலாளர் துப்பறியும் வரிசையில் மூன்றாவது. முதல் இரண்டும் சிறுகதைத் தொகுப்புகள். 2011-இல் ஆங்கில வாசகர் அந்த வரிசைக்குள் நுழைந்ததே மூன்றாவது வழியாகத்தான். யாருக்கும் எதுவும் குறையவில்லை, ஏனென்றால் வழக்கு அந்த ஒரு புத்தகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

கரிச்சான்:
அதுதான் அளவுகோல். வழக்கு மட்டும் முடிகிறதா, ஆட்களின் கதை அடுத்ததற்கு வழிகிறதா? வழிந்தால் வரிசை. நெஸ்போவுக்கு மூன்று, நான்கு, ஐந்து என்ற வரிசையை உடைக்கக் கூடாது. 'தி பேட்' பிறகு படித்தாலும் பாதகமில்லை.

ரெண்டாம்பதிப்பு:
மூணுல ஆரம்பிக்கலாமா? அப்போ "தொடரின் முதல் புத்தகம்" விதி என்னாச்சு அண்ணே?

கரிச்சான்:
சிட்னிக்கும் பாங்காக்குக்கும் மட்டும் விலக்கு.