சிவகாசிப் பட்டாசுக் குடும்பங்கள்: இந்தச் சாதனை யாருடையது?

கரிசல்காட்டான்:
தீபாவளி நெருங்கினாலே சிவகாசி என்றால் வெடிவிபத்து, புகை, வழக்கு என்றுதான் பேச்சு. அந்தத் தொழிலை உண்டாக்கிய குடும்பங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மழை பொய்க்கும் மானாவாரி பூமி, விவசாயத்தை நம்பி வாழ முடியாத ஊர். அங்கேதான் ஆலை தொடங்கினார்கள். காளீஸ்வரி பட்டாசு நிறுவனம் தன் தொடக்கம் 1923 என்று சொல்கிறது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி. 1942ல் ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனம் வந்தது. சேவல் மார்க், அணில் மார்க் தெரியாத தமிழ் வீடு உண்டா? மூன்று தலைமுறை தாண்டி நிற்கும் குடும்பத் தொழில் இது. முதலில் அதற்கு மரியாதை கொடுங்கள், அப்புறம் குறை சொல்லலாம்.

வெம்பக்கோட்டைக்காரி:
தம்பி, மரியாதை கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் முதலாளிகளும் மார்க்கும்தான் இருக்கிறார்கள். வெடி செய்த கை எங்கே? என் அம்மா விளக்கு வெளிச்சத்தில் தீப்பெட்டி ஒட்டித்தான் எங்களை வளர்த்தார். விடிவதற்கு முன்னால் கிராமத்துக்கு வண்டி வரும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும். இதை ஊரில் யாரும் மறுக்க முடியாது. 1996ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதே, அந்த வழக்கு சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளை வைத்துத்தான் தொடங்கியது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதக் கூடாது.

பழையகணக்கு:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் ரயில் ஏறியதால் மட்டும் ஒரு தொழில் ஊர் உருவாகாது. 1899ல் சிவகாசி சூறையாடப்பட்டது நினைவிருக்கட்டும். நாடார் சமூகத்தில் அதற்கு முன்பே உறவின்முறை என்ற ஊர்ச்சங்கமும், மகமை என்று வியாபாரத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துப் பொதுநிதி சேர்த்து வைக்கும் பழக்கமும் இருந்தன. பள்ளிக்கூடமும் கோயிலும் அந்தப் பணத்தில் வந்தன. அந்தக் கட்டுப்பாடும் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் நம்பிக்கையும் இல்லாமல் புதுத்தொழிலில் யார் துணிந்து இறங்கியிருப்பார்கள்?

அடுத்தது சட்டமும் போரும். 1940ல் வெடிமருந்து விதிகள் வந்து, உரிமம் வாங்கித்தான் பட்டாசு செய்ய வேண்டும் என்று ஆனது. அதே சமயம் இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. சந்தை காலியாகக் கிடந்தது. தீப்பெட்டியால் மருந்து கலக்கும் கைப்பழக்கம் ஏற்கெனவே ஊரில் இருந்தது. வறண்ட காற்று வேறு, காய வைக்கக் கவலையில்லை. கையால் செய்யும் சிறு தீப்பெட்டி ஆலைகளுக்கு அரசு பின்னால் வரிச்சலுகையும் கொடுத்தது. இல்லாவிட்டால் விம்கோ போன்ற இயந்திர ஆலைகள் முன்னால் நின்றிருக்க முடியாது.

கரிசல்காட்டான்:
காலமும் சட்டமும் சிவகாசி அப்போது இருந்த ராமநாதபுரம் ஜில்லா முழுக்க ஒன்றுதானே? மற்ற ஊர்கள் ஏன் சிவகாசி ஆகவில்லை? வாய்ப்பு எல்லோர் வீட்டு வாசலிலும் நின்றது, கதவைத் திறந்தது இவர்கள். லேபிள் அடிக்க ஆரம்பித்த அச்சுத்தொழில்தான் இன்று நாட்டுக்கே காலண்டர் கொடுக்கிறது. 1963ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, பெண்களுக்கு எஸ்.எஃப்.ஆர். (ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம்) கல்லூரி. சம்பாதித்ததை ஊருக்குள்ளேயே போட்டார்கள். அக்கா, உங்கள் கிராமத்துப் பெண்கள் அந்தக் கல்லூரியில் படிக்கவில்லையா?

வெம்பக்கோட்டைக்காரி:
படித்தார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கல்லூரி கட்டியது விபத்துக்குப் பதில் ஆகாது. 2012ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் அதில் அடக்கம்.

சாத்தூரான்:
அதைப் பழைய குடும்பங்கள் தலையில் போடாதீர்கள். பெரும்பாலும் வெடிப்பது உரிமத்தை உள்குத்தகைக்கு விட்ட சின்ன ஆலைகளில்தான். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சீசன் நெருக்கடியில் ஆட்களை அடைக்கிறார்கள், மரத்தடியிலும் வேலை நடக்கிறது. பேன்ஸி ரகத்துக்கு மருந்து கலக்கும்போது கொஞ்சம் உராய்ந்தால் போதும். பழைய பெரிய ஆலைகள் அறைகளுக்கு இடைவெளி விட்டு, தனியாக ஃபோர்மேன் வைத்து நடத்துகின்றன.

வெம்பக்கோட்டைக்காரி:
சரி, பெரிய ஆலையில் ஒழுங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஒழுங்கைக் கடைசி அறை வரை கொண்டுபோகும் செல்வாக்கு ஊரில் யாருக்கு இருக்கிறது? பட்டாசு முதலாளிகள் சங்கத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்களுக்குத்தானே? தொழிலை நாங்கள்தான் உண்டாக்கினோம் என்று பெருமை பேசினால், அந்தத் தொழில் நடக்கும் விதத்துக்கும் பொறுப்பு வேண்டும்.

பழையகணக்கு:
இந்த இடத்தில் அக்கா பக்கம்தான் நிற்கிறேன். கூடவே ஒன்று. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பேரியம் நைட்ரேட் என்ற வெடி ரசாயனமும் சரவெடியும் தடையானபோது முதலில் அடிபட்டது சரம் பின்னிய பெண்கள். முதலாளிக்கு வேறு ரகம் இருந்தது, பின்னுகிறவளுக்கு அந்த வேலைதான் தெரியும்.

கரிசல்காட்டான்:
அந்தத் தடையை எதிர்த்து நீதிமன்றப் படியேறியதும் இதே முதலாளிகள்தான். அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்காக டெல்லியில் யார் பேசியிருப்பார்கள்?

வெம்பக்கோட்டைக்காரி:
அவர்களே பேசியிருப்பார்கள் தம்பி, யாராவது மைக்கைக் கொடுத்திருந்தால். நூற்றாண்டு மலர் போடும் நிறுவனம் எதுவானாலும் நிறுவனர் படத்துக்கு அடுத்த பக்கத்தில் முதல் ஐம்பது வருடத் தொழிலாளர்களின் பெயர்களை அச்சடிக்கட்டும். சம்பளப் பதிவேடு பழைய ஆலைகளில் இருக்கும்தானே?