ஓய்வுபெறும் அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அப்பாவுக்கு 60 வயது. கோவையில் ஒரு தனியார் பம்ப் தொழிற்சாலையில் வேலை; வரும் மார்ச்சில் ஓய்வு. அன்றோடு நிறுவனத்தின் குழுக் காப்பீடும் முடிந்துவிடும். அம்மாவும் அதில்தான் இருக்கிறார். அப்பாவுக்கு நீண்டகாலச் சர்க்கரை நோய். 2021இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஒரு காப்பீட்டு நிறுவனம் ஸ்டென்ட் என்றதுமே விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. இன்னொன்று சம்மதித்தது, ஆனால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மூன்றாண்டுக் காத்திருப்பு (அதுவரை அவற்றுக்கான செலவைத் தரமாட்டார்கள்), அதுபோக ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் எங்கள் பங்கு. எதற்காகக் காப்பீடு தேடுகிறோமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பணம் தருவார்களாம்! முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பை நாங்கள் தாண்டிவிட்டோம். 70 வயதானவர்களுக்கான மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டைக்கு இன்னும் பத்தாண்டுகள் இருக்கின்றன.

மிச்சமிருப்பது, குழுக் காப்பீட்டை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றுவது. அப்படிச் செய்தால் குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழியும் என்கிறார் முகவர். அப்பாவின் அலுவலகத்திலோ இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள்.

இதய நோய் இருந்தும் இப்படி மாற்றிக்கொண்டவர்களுக்கு, பழைய ஆண்டுகளை உண்மையிலேயே கழித்துக் கொடுத்தார்களா?