புதுப்பிப்பு: பாசி அடைக்கும் சொட்டுநீர் வடிகட்டி

கிணற்றுப் பாசியால் சொட்டுநீர்க் குழாயின் திரை வடிகட்டி ஓயாமல் அடைக்கிறது, மாற்று உண்டா என்று கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி டிஸ்க் ஃபில்டர் (வரிப்பள்ளமுள்ள வட்டத் தட்டுகளை அடுக்கிய வடிகட்டி) போட்டாயிற்று. இதுவும் வடிகட்டும் துளை அளவில் அதே 120 மெஷ், சுமார் 130 மைக்ரான்தான். ஆனால் திரையில் பாசி மேலாகப் படிந்து, அழுத்தம் கூடினால் பிதுங்கி உள்ளே போய்விடும். டிஸ்க்கின் வரிப்பள்ளங்களில் ஆழமாகச் சிக்குவதால் நிறையவே பிடிக்கிறது.

கழுவும்போது தட்டுகளைத் தளர்த்திப் பிரித்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சணும். கட்டாகவே அலசினால் பாதி அழுக்கு அப்படியே நிற்கும், எரிச்சல்தான் மிச்சம். ஃபில்டருக்கு இருபுறமும் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) வைத்திருக்கிறேன். அழுத்த வித்தியாசம் சதுர செ.மீ.க்கு அரை கிலோவைத் தொட்டால் கழுவிவிடுவேன்.

அப்புறம், ஹைட்ரோசைக்ளோன் வாங்கச் சொன்னவர்களுக்கு: அது தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கத்தான், மிதக்கிற பாசியைப் பிரிக்காது. கோடையில் பாசி கூடினால் டிஸ்க் ஃபில்டருக்கு முன்னால், மணல் நிரப்பிய வடிகட்டி ஒன்று வைக்க யோசனை.