கோப்பி இலைக்கடியில் ஆரஞ்சுத் தூள்: 1869இல் வந்த அதே நோயா?

பசறை மாணவன்:
வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்ட வேலியோரம் தாத்தா வைத்த நாலு கோப்பி மரம் நிற்கிறது. இந்த மழைக்குப் பிறகு இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஆரஞ்சுத் தூள், தொட்டால் விரலில் ஒட்டுகிறது, இலையும் மஞ்சளடித்துக் கொட்டுகிறது. இலங்கையில் கோப்பியை ஒழித்த நோய் இதுதான் என்றார் எங்கள் சேர். 150 வருடம் தாண்டியும் அது இருக்குமா? கோப்பியின் ஜீனோமை, அதாவது முழுப் பரம்பரைத் தொகுதியை, வாசித்துவிட்டார்களாம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மடுல்சீமைக்காரன்:
அதேதான் தம்பி. முதலில் கண்டதே எங்கள் பக்கத்தில்தான், 1869இல். பேராதனைப் பூங்காவிலிருந்த த்வெயிட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார், அங்கே பங்கசு ஆய்வாளர் பெர்க்லி பார்த்துவிட்டு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். நீ தொட்ட தூள் முழுக்க வித்திகள். ஈரமான இலையில் விழுந்தால் முளைத்து, அடிப்பக்க இலைவாய் வழியாக உள்ளே போகும். மரம் உடனே சாகாது, இலை கொட்டிக் கொட்டி அடுத்த வருடக் காய்ப்பு குறையும், அதனால்தான் துரைமாருக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது. நோய் வந்து பத்து வருடமாகியும் புதுசு புதுசாகக் காடு வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டே இருந்தார்கள்! 1880இல் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வந்துதான், இது பங்கசு (பூஞ்சை), வித்தியால் பரவுகிறது என்று தெளிவாகக் காட்டினார். ஆக, பங்கசு வந்ததால் தேயிலை, தேயிலை வந்ததால் மலையகத் தமிழர்களான நாங்கள்.

கண்டிச்சீமை:
கடைசி வரியில் பிழை இருக்கிறது அண்ணா. இந்தியாவிலிருந்து நம் ஆட்கள் வந்ததே கோப்பிக்குத்தான். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். கோப்பி பழம் பறிக்கிற காலத்துக்குத்தான் நிறைய ஆள் கேட்கும், முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக் கொழுந்து அப்படியா, வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும், குடும்பத்தோடு லயத்தில் இருந்தாக வேண்டும். பங்கசு நம்மைக் கூட்டிக்கொண்டு வரவில்லை, இங்கேயே இருத்தி வைத்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல், அதாவது நோய் வருவதற்கு முன்பே. இதைப் பாடப்புத்தகத்தில் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள்.

ஆய்வுகூட அக்கா:
ஜீனோம் கேள்விக்கு வருகிறேன். அரபிகா என்ற கோப்பி இனத்தின் ஜீனோம் பற்றிய பெரிய ஆய்வு 2024இல் வந்தது. அரபிகா ஒரு கலப்பினம், ரொபஸ்டாக் கோப்பியின் இனமும் கோஃபியா யூஜெனியாய்டிஸ் என்ற இன்னோர் இனமும் சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன் காட்டில் தானாகச் சேர்ந்து பிறந்தது. அதனால்தான் ரொபஸ்டாவுக்கு 22 நிறமூர்த்தங்கள், இதற்கு 44. தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் மரம், அதற்கு மேல் மனிதன் கொண்டுபோய் நட்டதெல்லாம் கொஞ்சம் விதையிலிருந்து வந்தது, ஆகவே மரத்துக்கு மரம் வேறுபாடு மிகக் குறைவு. பூட்டெல்லாம் ஒரே மாதிரி என்றால் நோய்க்கு ஒரு சாவி போதுமே. 1927இல் திமோர் தீவில் அரபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்த மரமொன்று இந்த நோயைத் தாங்கி நின்றது, இன்றைக்கு எதிர்ப்புள்ள பல வகைகளின் வேர் அங்கேதான். எதிர்ப்புக்குக் காரணமாக இருக்கக்கூடிய பரம்பரையலகுகள் எந்தப் பகுதியில் என்பதையும் அதே ஆய்வு தேடியிருக்கிறது.

இடையில் ஒன்று: 2014இல் ரொபஸ்டா ஜீனோம் வந்தபோது, கோப்பியும் தேயிலையும் கஃபீன் செய்வதைத் தனித்தனியாகக் கற்றுக்கொண்டவை என்று தெரியவந்தது. நம் மலையில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நின்றது, ஆனால் கிட்டிய சொந்தம் இல்லை. எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான்.

பசறை மாணவன்:
நன்றி அக்கா. அப்படியென்றால் துண்டு வெட்டி நட்டு வளர்க்கிற எங்கள் வீபீ தேயிலையும் அதே கதைதானே? மலை முழுக்க ஒரே செடியின் துண்டுகள்.

ஆய்வுகூட அக்கா:
நல்ல கேள்வி. ஆமாம், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டிஆர்ஐ 2025 என்ற வகை நட்ட மலை என்றால் ஒவ்வொரு செடியும் மற்றதன் நகல். பழைய விதைத் தேயிலையில் பக்கத்துப் பக்கத்துச் செடியே வேறு வேறு. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் வந்தபோது செம்பு மருந்தடித்துச் சமாளித்தார்கள். வெவ்வேறு குளோன்களைக் கலந்து நடச் சொல்வதும் ஒரே நோய் எல்லாவற்றையும் பிடிக்காமலிருக்கத்தான், எல்லாத் தோட்டத்திலும் கேட்கிறார்களா என்பது வேறு கதை.

மடுல்சீமைக்காரன்:
கண்டிச்சீமை சொன்னது சரி, என் வரியை வாபஸ் வாங்குகிறேன். தம்பி, மரத்தை வெட்டிவிடாதே. கொட்டிய இலையைக் கூட்டி அள்ளு, கொப்பைக் கொஞ்சம் கழித்துக் காற்று விடு. இன்னொன்று, ஆரஞ்சுத் தூள் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா பார். லெகானிசிலியம் லெகானி என்ற பங்கசு இந்தப் பங்கசையே தின்னும், பச்சைச் செதில் பூச்சியையும் விடாது. மெக்சிகோவில் எறும்புகள் அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கிற நிழல் தோட்டங்களில் இதை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். கண்டால் படமெடுத்துப் போடு.

பசறை மாணவன்:
இன்றைக்கு ஒரே மூட்டம், நாளைக் காலையில் பார்க்கிறேன். எறும்பு மட்டும் நிறைய இருக்கிறது, அது நிச்சயம்.