பின் சக்கரத்தில் இரண்டாவது கம்பியும் அறுந்துவிட்டது, இன்னும் 140 கி.மீ. இருக்கிறது

நெடுவழி:

வணக்கம். நண்பனும் நானும் சைக்கிளில் நெடும்பயணம் வந்திருக்கிறோம். இன்று ஆறாவது நாள். மிச்சம் 140 கி.மீ., அதாவது இரண்டு நாள் ஓட்டம்.

சிக்கல் நண்பனின் பின் சக்கரத்தில். முந்தாநாள் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. வழியில் ஒரு மெக்கானிக் புதுக் கம்பி போட்டு, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். இன்று காலை ஓர் ஏற்றத்தில் அவன் எழுந்து நின்று மிதித்தபோது ‘டிங்’ என்று சத்தம். பத்தடி பின்னால் வந்த எனக்கே கேட்டது. அடுத்த சுற்றிலேயே சக்கரம் நெளிந்து இடப்பக்க பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது.

இறங்கிப் பார்த்தோம். கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) இருக்கும் வலப்பக்கத்தில், கம்பி வளைந்து ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) ஓட்டைக்குள் நுழையும் இடத்திலேயே அறுந்திருக்கிறது. முந்தாநாள் அறுந்ததும் அதே பக்கம், அதே வளைவு. சக்கரம் 700சி அளவு, 32 கம்பி. பிரேக் ரிம்மைப் பிடிக்கும் வகை. நண்பன் 86 கிலோ, கேரியரில் பைகளும் கூடாரமும் சேர்த்து 17 கிலோ. நான் 60 கிலோ, என் சுமை 11 கிலோ. கையில் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் ஸ்போக் சாவி இருக்கிறது. மாற்றுக் கம்பி இல்லை, கேசட் கழற்றும் கருவியும் இல்லை.

மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். “நீ போ, நான் ஏதாவது வண்டி பிடித்து வந்துவிடுகிறேன்” என்கிறான். அவனை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இரண்டு வருடமாகச் சேர்ந்து திட்டம் போட்ட பயணம் இது. இந்தச் சக்கரத்தோடு மேலே ஓட்டலாமா?

மிதிகட்டை:

ஒரு கம்பிதானே? பிரேக்கைத் தளர்த்திவிட்டு அப்படியே ஓட்டுங்கள். நான் ஒரு முறை அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.

கோட்டம்:

தம்பி, அப்படியே ஓட்டிவிடாதீர்கள். 86 கிலோ ஆளும் 17 கிலோ சுமையும் அதே சக்கரத்தில் இருந்தால், அறுந்த கம்பியின் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். அடுத்தது சீக்கிரமே அறும்.

முதலில் அவசர வேலை. அறுந்த கம்பி ஆடிக்கொண்டு செயினில் மாட்டாதபடி பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிடுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த கம்பி போய்விட்டதால், அந்த இடத்தில் ரிம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நீங்கள் சொன்ன உரசலும் அதுதான். அறுந்த கம்பிக்கு இரு புறமும் இருக்கும் இடப்பக்கக் கம்பிகள் இரண்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். போதாவிட்டால் கால் கால் சுற்றாகத் தொடருங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால்தான் பக்கத்து வலக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்க வேண்டும். டயர் பக்கமிருந்து திருப்புளியால் முடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடிகாரச் சுற்றில் போனால் இறுகும். சக்கரம் தலைகீழாக இருக்கும்போது இது குழப்பிவிடும், நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ரிம் முழுக்க நேராக வேண்டியதில்லை, பிரேக் கட்டையில் உரசாமல் சுற்றினால் போதும்.

இனி, ஏன் அறுகிறது என்பது. பாரம் தாங்காமல் கம்பி இழுபட்டு அறுவது அபூர்வம். சக்கரம் உருளும்போது தரைக்கு நேர் மேலே வரும் கம்பிகள் கொஞ்சம் தளரும், மேலே போனதும் மறுபடி விறைக்கும். 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 90 கி.மீ. ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் கிட்டத்தட்ட 43,000 முறை தளர்ந்து விறைக்கிறது. கம்பிகள் முதலிலேயே போதிய விறைப்பில் இல்லை என்றால் இந்த ஆட்டத்தில் வளைவு தேய்ந்து சோர்ந்து, ஒரு நாள் ‘டிங்’. அதனால் ஒரு கம்பியை மட்டும் மாற்றியது நோய்க்கு மருந்தில்லை. மற்றவையும் அதே 43,000 ஆட்டத்தை ஆடியவைதானே!

ஒன்று கேட்கிறேன்: எப்போதாவது செயின் கேசட்டைத் தாண்டி உள்ளே, கம்பிப் பக்கம் விழுந்ததா? கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள், வலப்பக்கத்தில் எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கிறதா?

நெடுவழி:

நன்றி அண்ணா. செயின் விழவில்லை, கம்பிகளில் கீறலும் இல்லை. ஆனால் மீட்டிப் பார்த்தோம். முந்தாநாள் போட்ட புதுக் கம்பி கணீரென்று ஒலிக்கிறது. மற்ற வலப்பக்கக் கம்பிகளில் நான்கைந்து ‘தொப் தொப்’ என்கின்றன. என் சக்கரத்தில் வலப்பக்கம் முழுக்க ஒரே ஓசைதான். இத்தனை நாள் ஓட்டியும் இப்படித் தட்டிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

நீங்கள் சொன்னபடி இடப்பக்கம் இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தினோம். உரசல் நின்றுவிட்டது.

கோட்டம்:

அப்படியானால் காரணம் தளர்ச்சிதான். கூடாரத்தையும் கனமான சாமான்களையும் உங்கள் கேரியருக்கு மாற்றுங்கள். குழி, வேகத்தடை வந்தால் அவர் இருக்கையிலிருந்து எழுந்துகொள்ளட்டும். ஏற்றத்தில் சின்ன கியரில் உட்கார்ந்தபடி மிதிக்கச் சொல்லுங்கள்.

பின்காற்று:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவர் சைக்கிளும் ஒரே மாதிரியா? இருந்தால் பின் சக்கரங்களையே மாற்றிப் போடலாமே! நல்ல சக்கரம் 86 கிலோவுக்கு, அறுந்த சக்கரம் 60 கிலோவுக்கு. நானும் என் தங்கையும் ஒரு பயணத்தில் இப்படித்தான் செய்தோம். பார்க்க வேண்டியவை: ரிம் அளவு, கேசட்டில் எத்தனை பல்சக்கரம், சக்கரம் பொருந்தும் ஃபிரேம் இடைவெளி (சிலவற்றில் 130 மி.மீ., சிலவற்றில் 135 மி.மீ.), பிரேக் வகை.

நெடுவழி:

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை! இரண்டும் 700சி, இரண்டிலும் 8 கியர், இரண்டும் 135.

கோட்டம்:

அருமையான யோசனை, எனக்கே தோன்றியிருக்க வேண்டும். மாற்றியபின் இரண்டு சைக்கிளிலும் மிகச் சின்ன கியருக்குக் கையால் மாற்றி, செயின் உள்ளே விழாமல் நிற்கிறதா என்று ஓட்டும் முன் பாருங்கள். ரிம் அகலம் கொஞ்சம் மாறினாலும் பிரேக் கேபிளைச் சரிசெய்ய வேண்டிவரும். செயின் துள்ளினால் பயப்படாதீர்கள். தேய்ந்த செயின் இன்னொருவர் கேசட்டில் அப்படித்தான் நடந்துகொள்ளும், அழுத்தி மிதிக்காதீர்கள்.

நெடுவழி:

இரவு எழுதுகிறேன். மாற்றிவிட்டோம். நண்பன் முதலில் சம்மதிக்கவே இல்லை. “என் சக்கரம் உன்னை எங்கேயாவது கவிழ்த்துவிட்டால்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் என் பைகள் இரண்டையும் கழற்றித் தன் கேரியரில் கட்டிக்கொண்டான், கூடாரம் மட்டும் என்னிடம். கியர் கேபிள் திருகை அரைச் சுற்று திருப்ப வேண்டியிருந்தது, வேறு தொல்லை இல்லை. இன்று 58 கி.மீ. ஓட்டினோம். ஒவ்வொரு பத்துக் கிலோமீட்டருக்கும் நிறுத்தி, அவனே குனிந்து என் பின் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான்.

நெடுவழி:

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். சேர்ந்தே. வேறு கம்பி அறவில்லை. இப்போது அந்தச் சக்கரத்தில் வலப்பக்கம் 16 கம்பியையும் புதிதாகப் போடப்போகிறோம். பழைய கம்பியின் நீளத்தை எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும்?

கோட்டம்:

மகிழ்ச்சி தம்பி. தலையிலிருந்து அளக்காதீர்கள். வளைவின் உட்புறத்திலிருந்து மரையின் நுனிவரை அளக்க வேண்டும். வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிடப் பொதுவாக ஒன்றிரண்டு மி.மீ. குட்டையாக இருக்கும், அதனால் வலப்பக்கக் கம்பியையே அளந்து வாங்குங்கள். போட்டு முடித்ததும் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து நன்றாக அழுத்திவிட்டு, மறுபடி கோட்டம் பாருங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை.