மறு: ஐடில், த்ராட்டில் – மிதவை விமானத்துக்குச் "செயலற்ற" பொருந்தாது

வணக்கம் நண்பர்களே,

> ஐடில் என்பதற்கு எல்லா மென்பொருளிலும் "செயலற்ற" என்றுதானே போடுகிறோம், இதிலும் அப்படியே விட்டுவிடலாமே.

விமான சிமுலேட்டர் தமிழாக்கத்தில் அப்படி விடக்கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். த்ராட்டில் என்பது இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர், அதை முழுக்கக் குறைத்ததும் இன்ஜின் அணையாமல் மெதுவாகச் சுற்றும் நிலைதான் ஐடில். கணினி வேலையில்லாமல் காத்திருந்தால் அது செயலற்றது, சரி. ஆனால் இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

போன வாரம் ஒரு சிமுலேட்டரின் தமிழாக்க வரைவைப் போட்டுக்கொண்டு, வான்கூவர் துறைமுகத்தில் சக்கரத்துக்குப் பதில் மிதவை கட்டிய பீவர் என்ற சிறு விமானத்தை இறக்கினேன். லீவரை முழுக்கப் பின்னால் இழுத்ததும் திரை ஓரத்தில் "இயந்திரம்: செயலற்றது" என்று வந்தது. புரொப்பல்லரோ சுற்றிக்கொண்டே இருந்தது, விமானம் 6, 7 நாட் வேகத்தில் படகுத்துறைப் பலகையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. நீர்ச்சுக்கானை இறக்கினால் திரும்புகிறது, நிற்கவில்லை. தண்ணீரில் பிரேக் ஏது? துறையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே இன்ஜினை அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வேகத்தில் மிதந்து போய்த்தான் ஒட்டவேண்டும். முதல் தடவை ஓட்டுகிற பையன் "செயலற்றது" என்று படித்தால், அணைத்தாகிவிட்டது என்றுதான் நினைப்பான். நேராகப் போய் மோதுவான்.

பீவர் 1947இல் முதன்முதலாகப் பறந்த பழைய விமானம், 450 குதிரைத்திறன் ரேடியல் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த) இன்ஜின். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் அந்த நொடியே நகர ஆரம்பித்துவிடும். இன்ஜின் சூடேறும்வரை ஒரே இடத்தில் நிற்க முடியாது, போய்க்கொண்டேதான் சூடேற்ற வேண்டும். லீவரைக் குறைத்துவிட்டுச் சுக்கானையும் தூக்கிவிட்டால் மூக்கு தானாகக் காற்றுவரும் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஐடிலுக்கு "ஓய்வுநிலை", "பூச்சியநிலை" இரண்டும் இதே காரணத்தால் வேண்டாம் என்கிறேன். பூச்சியம் இன்னும் மோசம். ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டரில், விமானம் பறப்பதைக் கணக்கிடும் ஜேஎஸ்பிசிம் நிரலின் இன்ஜின் கோப்பைத் திறந்து பாருங்கள், பிஸ்டன் இன்ஜினுக்கு ஐடில் ஆர்பிஎம் (ஐடிலில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று தனியாக ஓர் எண் கொடுத்திருக்கும். த்ராட்டில் கட்டளை 0 ஆனாலும் இன்ஜின் நிற்காது, அந்தச் சுற்றுக்கு இறங்கும், அவ்வளவுதான். "அடியோட்டம்" கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட இடத்தில் அதைக் கடலின் அடிநீரோட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நம் மெக்கானிக்குகள் என்ன சொல்கிறார்கள்? "ஸ்லோ செட் பண்ணணும்", "வண்டி ஸ்லோல நிக்கல, ஆஃப் ஆகுது." அவர்கள் பார்ப்பது வண்டியின் வேகத்தை அல்ல, இன்ஜினின் சுற்றை. அந்தப் பார்வைதான் சரி, சொல்லும் இன்ஜினைப் பற்றியே பேசவேண்டும். அதனால் என் முன்மொழிவு தாழ்சுழற்சி. "இயந்திரம்: தாழ்சுழற்சியில்" என்று திரையில் வந்தால், சுற்றுகிறது, குறைவாகச் சுற்றுகிறது என்று படித்தவுடன் தெரியும்.

எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவைக் கோலின் கடைசி நிலைக்கு ஆங்கிலத்தில் ஐடில் கட்-ஆஃப் என்று பெயர். வரைவில் இதைச் "செயலற்ற வெட்டு" என்று பெயர்த்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே எரிபொருள் நின்று இன்ஜின் அணைகிறது. துறையில் ஒட்டும்போது கை போகவேண்டிய இடமே அதுதான், எனவே "எரிபொருள் நிறுத்தம்" என்று நேராகவே எழுதிவிடலாம்.

அப்புறம் த்ராட்டில். "முடுக்கி"க்கு நிறையப் பேர் ஆதரவு தெரிவித்திருந்தீர்கள். இயற்பியலில் முடுக்கம் வேறு என்பது ஒருபுறம், ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளில் "நெரிப்பான்" என்று குரல்வளையைப் பிடிப்பதும் காற்று போகும் வழியை நெரிக்கும் பிஸ்டன் இன்ஜினுக்கு மட்டும்தான் பொருந்தும். மாலத்தீவில் பறக்கும் ட்வின் ஆட்டர் மிதவை விமானங்களில் இருப்பது டர்போபிராப் (டர்பைன் சுற்றும் புரொப்பல்லர்), அங்கே ஆங்கிலத்திலேயே த்ராட்டில் என்பதைவிடப் பவர் லீவர் என்பதுதான் வழக்கம். அந்த லீவர்கள் தலைக்கு மேலே இருக்கும், பிடியைத் திருகினால் ஐடிலையும் தாண்டிப் பின்னால் போகும், அங்கே புரொப்பல்லர் தகட்டின் கோணம் மாறி உந்தல் ஏறக்குறைய இல்லாமல் போய், இன்னும் இழுத்தால் பின்பக்கமாகத் தள்ளும். துறையருகே அந்த விமானிகளுக்கு இது பெரிய உதவி. பீவரில் இந்த வசதி கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக விசைக்கோல் என்று வைப்போம். விசைப்படகு என்று ராமேஸ்வரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை சொல்கிறோம், அந்த விசைதான் இதுவும். ஐடிலுக்குப் பின்னால் போய், பின்பக்கமாகத் தள்ளும் பகுதிக்குப் "பின்னுந்தல்" போதும், அதற்கு முன் உந்தல் ஏறக்குறைய இல்லாமல் போகும் பீட்டா என்ற பகுதியைப் பீட்டா என்றே விட்டுவிடலாம்.

அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியும் சேர்க்க ஆசை. என் ஜாய்ஸ்டிக்கில் ஸ்லைடரை முழுக்க இழுத்தாலும் 3 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. சக்கர விமானத்தில் பிரேக்கை அழுத்திக்கொள்வேன், தெரியாது. தண்ணீரில் அந்த 3 சதவீதம் துறை வரை இழுத்துக்கொண்டு போகிறது. "விசைக்கோல் தாழ்சுழற்சிக்கு முழுமையாக இறங்குகிறதா எனச் சரிபார்க்கவும்" என்று போட்டால் நன்றாக இருக்கும்.

ஞாயிறு இரவு கோப்பில் மாற்றலாம் என்று இருக்கிறேன். படகு இன்ஜின் வேலை தெரிந்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால், ஐடிலுக்கு உங்கள் கரையில் என்ன சொல்கிறீர்கள் என்று அதற்குள் எழுதுங்கள். தாழ்சுழற்சியைவிட நல்ல சொல் கிடைத்தால் அதையே வைத்துவிடுவோம்.