உதவி: க்னூகேஷில் பிஎஃப் இருப்பு பாஸ்புக்கோடு ஒத்துவரவில்லை, 16,461 ரூபாய் இடிக்கிறது

தண்டையார்பேட்டை:
வணக்கம். 2024 ஏப்ரலில் எண்ணூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன், முதல் வேலை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000. வரவு செலவை க்னூகேஷ் என்ற கணக்கு எழுதும் மென்பொருளில் எழுதுகிறேன். சம்பளச் சீட்டில் என் பிடித்தம் 1,800, கம்பெனி பங்கு 1,800. ஆகவே மாதக் கடைசியில் 3,600 பிஎஃப் கணக்கில் தானாக ஏறும்படி வைத்திருக்கிறேன். 2025 மார்ச் 31 வரை 12 மாதத்துக்கு 43,200 காட்டுகிறது. பாஸ்புக்கில் வட்டியோடு சேர்த்தே 26,739தான். கம்பெனி பணம் கட்டவில்லையோ என்று பயமாக இருக்கிறது. லீவு போட்டு ராயப்பேட்டை பிஎஃப் ஆபீசுக்குப் போகவா? இல்லை, 16,461-ஐ ஒரே பதிவாகக் கழித்துவிடலாமா?

ராயபுரம்:
தம்பி, லீவு போடும் முன் பாஸ்புக்கைத் திரும்பப் பாருங்கள். மாத வரிசையில் மூன்று தொகை இருக்கும். என்னென்ன?

தண்டையார்பேட்டை:
1,800, 550, 1,250 அண்ணா. மொத்தம் 11 வரிசை.

ராயபுரம்:
அப்போது கம்பெனி ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறது. அவர்கள் தரும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், அதுதான் அந்த 1,250. மீதி 550தான் பிஎஃப்பில் சேரும். பென்ஷன் பங்குக்கு வட்டியும் கிடையாது, இருப்பிலும் வராது. நீங்கள் அதையும் சேர்த்து எழுதியதால் வருடத்துக்கு 15,000 கூடிவிட்டது.

மணலி:
நான் சம்பளக் கணக்கு போடுகிறவள். மீதி 1,461 எங்கே என்று கேட்பீர்கள், சொல்கிறேன். மார்ச் சம்பளத்துக்கான தொகையைக் கம்பெனி ஏப்ரல் 15-க்குள் கட்டினால் போதும். அதனால்தான் 11 வரிசை. நீங்கள் 2,350 முன்னதாகவே ஏற்றிவிட்டீர்கள். மறுபக்கம், 8.25 சதவீத வட்டி 889 ரூபாயை எழுதவே இல்லை. 15,000-ஐயும் 2,350-ஐயும் கூட்டி 889-ஐக் கழியுங்கள், 16,461 அப்படியே வரும்.

ஒரே பதிவாக மட்டும் கழிக்காதீர்கள். இன்றைக்குச் சரியாகும், அடுத்த மாதச் சம்பளத்தன்று மறுபடி 1,250 ஏறிவிடும். முதலில் அந்தத் தானியங்கிப் பதிவை மாற்றுங்கள். சம்பளத்தன்று 2,350-ஐ ‘வரவேண்டிய பிஎஃப்’ என்று தனிச் சொத்துக் கணக்கில் வையுங்கள், பாஸ்புக்கில் ஏறிய தேதியில் அங்கிருந்து பிஎஃப்புக்கு மாற்றுங்கள். வட்டிக்கு வருமானத்தில் ஒரு கணக்கு திறந்து மார்ச் 31 தேதியிட்டு எழுதுங்கள். பழைய பதிவுகளையும் இதே மாதிரி ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பன்னிரண்டுதானே, ஒரு மாலை வேலை.

படிக்கிற மற்றவர்களுக்கு: இந்த 1,250-ஐ அப்படியே காப்பியடிக்காதீர்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாகச் சேரும்போதே 15,000-க்கு மேல் வாங்கியவர்களுக்குப் பென்ஷன் பிரிவே இல்லை, கம்பெனி பங்கு முழுவதும் பிஎஃப்புக்கே வரும். அவரவர் பாஸ்புக்கைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

தண்டையார்பேட்டை:
அக்கா, முடித்துவிட்டேன். மார்ச் 31 தேதி, 26,739 என்று கொடுத்துச் சரிபார்த்தேன், வித்தியாசம் பூஜ்யம். அந்த 1,250 என் பணம்தானே, வீணாகாதே?

ராயபுரம்:
வீணாகாது தம்பி. 10 வருடம் சர்வீஸ் முடித்தால் 58 வயதில் மாதப் பென்ஷனாக வரும். வேலை மாறினால் பிஎஃப்போடு சேர்த்து அந்த சர்வீசையும் மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.